வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு ஒரு வரலாற்றுப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கரையோரப் பாதையிலுள்ள ரயில் நிலையங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. நல்ல இருக்கைகள், ஒழுகாத கூரை, சுத்தமான கழிப்பறை எல்லாம் வரட்டும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அவை கட்டாயம் தேவை. அந்த வேலையோடு வேலையாக இன்னொன்றையும் செய்யும்படி உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். வெள்ளவத்தை நிலையத்தில், டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்பவர்கள் வாசிக்கக்கூடிய இடத்தில், அந்த நிலையத்தின் வரலாற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய ஒரு பலகை வைக்க வேண்டும்.

என் பேத்திக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு பழைய பொதுக் கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். அவள் ரயில் நிலையத்தைத் தெரிந்தெடுத்தாள். கொப்பியும் பென்சிலுமாகப் போனவள், அங்கே எழுதிக்கொண்டு வர எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்தாள். ரயில் நேரம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, தண்டவாளத்தில் நடக்காதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. இந்த இடம் எப்போதிருந்து இருக்கிறது, யார் யார் இங்கே வேலை செய்தார்கள் என்று சொல்ல ஒரு வரி இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி எழுத வைத்தேன். எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் என் அப்பா ரயில்வேயில் நிலைய அதிபர். வடக்குப் பாதையில் பல ஊர்களில் இருந்துவிட்டு 1950களின் நடுவில் வெள்ளவத்தைக்கு மாற்றலாகி வந்தார். பின்னாளில் நானும் கொழும்புக் கோட்டையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை இதே நிலையத்தில்தான் ஏறி இறங்கினேன்.

பேத்திக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இலங்கையில் ரயில் பாதைக்கு முதல் மண்வெட்டு விழுந்தது 1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி, ஆளுநர் ஹென்றி வார்ட் கையால். முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. அதன் மண்ணைச் சுமந்தவர்களிலும் மலையைக் குடைந்தவர்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் கரையோரப் பாதை வந்தது. 1877இல் பாணந்துறை வரை, 1879இல் களுத்துறை வரை, 1890இல் அளுத்கம வரை, 1894இல் காலிக்கு, 1895இல் மாத்தறைக்கு. அங்கேயே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற பாதை 2019இல்தான் பெலியத்தவுக்கு நீண்டது. வெள்ளவத்தைக்குப் பக்கத்தால் ரயில் ஓடத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு நெருங்குகிறது. 2027இல் அந்த 150 ஆண்டு நிறைவுக்கு ஏதாவது செய்வதென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

கொள்ளுப்பிட்டிக்கு வரும்போதே பாதை கடலோரத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து தெற்கே வலப்பக்கம் முழுவதும் கடல்தான். மரீன் டிரைவ் வருவதற்கு முன்பு காலி வீதியிலிருந்து இறங்கும் எங்கள் ஒழுங்கைகள் நேராகப் போய்த் தண்டவாளத்தில் முடியும். பாதைக்கு அப்பால் கருங்கல் அணை, அதற்கப்பால் அலை. தென்மேல் பருவக்காற்று எழும்பும் மாதங்களில் அலைத்தூவானம் மேடையில் நிற்பவர்கள் முகத்தில் அடிக்கும். உப்புக்காற்று தண்டவாளத்தை அரிப்பது போலவே நிலையத்துச் சாமான்களையும் அரித்துவிடும். அப்பா தன் மேசையிலிருந்த பித்தளைக் கருவிகளை ஒவ்வொரு காலையும் தானே துடைப்பார். போர்ட்டரிடம் விடமாட்டார். ஒரு நாள் விட்டால் பச்சைப் பூத்துவிடும் என்பார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வேலைகளை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கோட், வெள்ளைத் தொப்பி. காலையில் தொப்பியைத் தலையில் வைத்தாரென்றால் வீட்டு ஆட்களையே தெரியாது. அடுத்த நிலையத்தோடு மணியடித்துப் பேசி, பாதை வெறுமையாக இருக்கிறது என்று உறுதியானால்தான் ரயிலுக்கு வழி கொடுப்பார். அதற்குப் பெயர் லைன் கிளியர். ஒற்றைப் பாதையில் இருந்தபோது இன்னும் கடுமை. டப்ளட் என்ற உலோக வட்டு ஒன்று கருவியிலிருந்து வெளியே வரும். அது சாரதியின் கையில் இல்லாமல் ரயில் நகரக்கூடாது. இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு வட்டுத்தான் வெளியே இருக்கலாம் என்பதால் இரண்டு ரயில் நேருக்கு நேர் வர வழியில்லை. "இந்த வட்டை நம்பித்தான் அத்தனை சனமும் உள்ளே நித்திரை கொள்ளுது" என்று அப்பா ஒருமுறை சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

டிக்கெட் என்றால் அப்போது தடித்த அட்டை. இரண்டு விரல் அகலம் இருக்கும். கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அச்சு. அட்டையை அதற்குள் விட்டு இழுத்தால் டக்கென்று திகதி விழும். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி அடுக்கு, ஒவ்வோர் அட்டைக்கும் தொடர் இலக்கம். இரவு கடைசி ரயில் போன பிறகு எத்தனை அட்டை போயிருக்கிறது என்பதை இலக்கம் பார்த்து எழுதி, காசோடு சரிபார்த்து, ஒரு சதம் குறைந்தாலும் கண்டுபிடிக்கும்வரை அப்பா வீட்டுக்கு வரமாட்டார். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

அந்தக் காலத்தில் ரயில்வேயில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். நிலைய அதிபர்கள், கார்ட்மார், எழுதுவினைஞர்கள் என்று எந்தப் பாதையில் போனாலும் ஒருவர் இருப்பார். சிங்களவர், பறங்கியர், மலாயர் எல்லோரோடும் சேர்ந்து ஆங்கிலத்தில் பதிவேடு எழுதிய தலைமுறை அது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கியது 1954இல். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கனடிய மாகாணங்களின் பெயர். அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று நான் முதன்முதலில் வாசித்தது பூமிசாஸ்திரப் புத்தகத்தில் அல்ல, கோட்டை நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. அந்த நாட்டில் என் பிள்ளைகள் குடியிருப்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்!

வெள்ளவத்தையை இன்றைய வெள்ளவத்தை ஆக்கியதில் இந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே நூற்பு நெசவு ஆலை வந்தது. மலையாளத்தாரும் தமிழரும் சிங்களவருமாக ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தார்கள். 1933இல் அந்த ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரித் தலைவர்கள் தொழிலாளர் மத்தியில் காலூன்றினார்கள். இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்பது அந்த ஆலை நிலத்தில்தான். அப்புறம் வந்தவர்கள் எங்களைப் போன்ற உத்தியோகக் குடும்பங்கள். கோட்டைக்குக் கால் மணி, இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்பதால்தான் ஊரிலிருந்து வந்த இளம் எழுதுவினைஞர்கள் இங்கே அறை எடுத்தார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து வீடு எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்து, சமறி நடத்தினார்கள். அவர்களை நம்பிக் கடைகள் வந்தன, கோயில்கள் வந்தன, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கும் இங்கேயே கட்டடம் எழுந்தது.

இனி மனதுக்குக் கஷ்டமானதையும் எழுத வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும் என்றானது. அப்பாவுக்குப் பேச்சுச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பரீட்சைக்கு இருக்க மனம் வரவில்லை. நேரத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டார். ரயில் சத்தம் கேட்டால் சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் சாகும்வரை போகவில்லை.

அப்பா ஓய்வு எடுப்பதற்கு முன் நடந்தது 1958. மே மாதக் கடைசியில் கலவரம் கொழும்புக்கு வந்தபோது அப்பா வேலையில் இருந்தார். விட்டுவிட்டு வர முடியாது, ரயில் வந்துகொண்டிருக்கிறது. ரயில் கடவையில் காவலிருந்த சிங்களவர் ஒருவர் அப்பாவை உள்ளறையில் இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய தொப்பியைத் தான் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அப்பா உள்ளே இருந்து மணியடிக்க, அவர் வெளியே நின்று கொடி காட்டினார். இரவு தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் ரயில்வேயின் பழைய ஊழியர் பதிவுகளில் அவர் இருப்பார், இருக்க வேண்டும்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, லங்கா கல்யாணி என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினேன். திரும்பிய முதல் காலை மேடையில் எப்படி நிற்பேன் என்று பயந்துகொண்டு போனேன். வழக்கமாக நான் ஏறும் பெட்டியில், வழக்கமாக நான் இருக்கும் இடத்தில், பாணந்துறையிலிருந்து வரும் சிங்களத் தோழி ஒருத்தி கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் இல்லாத நாட்களிலும் சில வேளை அப்படிப் போட்டு வைத்ததாகப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

சீசன் டிக்கெட்காரருக்கு ரயில் பெட்டி இன்னொரு வீடு. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு இடமாற்றம், யார் பிள்ளை சோதனை பாஸ் பண்ணினது எல்லாம் அங்கே தெரியும். மூலையில் சீட்டு விளையாடும் கூட்டம் ஒன்று, பூரணை வந்தால் பக்திப் பாட்டுப் பாடும் கூட்டம் ஒன்று. நாங்கள் தைப்பொங்கலுக்குப் பொங்கல் கட்டிக்கொண்டு போவோம். சிங்களத் தோழர்கள் சித்திரை வருடத்துக்குக் கொக்கிஸ் பலகாரம் கொண்டு வருவார்கள்.

1996 ஜூலை 24ஆம் திகதி பின்னேரம், வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள் நிறைந்த அளுத்கம ரயிலில் குண்டுகள் வெடித்தன. எங்கள் நிலையத்தைத் தாண்டி அடுத்த நிலையமான தெஹிவளையில் ரயில் நின்றபோது. 64 பேர் இறந்தார்கள். நானூறு பேருக்கு மேல் காயம். நான் அன்று லீவில் வீட்டில் இருந்தேன், சத்தம் கேட்டது. இறந்தவர்கள் எல்லாம் எங்களைப் போலச் சாப்பாட்டுப் பெட்டியும் குடையுமாக ரயில் ஏறியவர்கள். அடுத்த வாரங்களில் தமிழில் பேசவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டித்தான் மேடைக்குப் போனோம். அப்போதும் கைக்குட்டை போட்ட இடம் எனக்காக இருந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இறங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்டு இந்த வழியால் போன ரயில்தான் பெரலியவில் ஆழிப்பேரலையில் அகப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உலகத்தில் அவ்வளவு உயிர் போன ரயில் விபத்து வேறில்லை. அந்த ரயிலை இழுத்துப் போனது நான் சின்ன வயதில் பெயர் படித்த அதே மனிற்றோபா இயந்திரம். செய்தியில் பெயரைக் கண்டதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். இயந்திரத்தைப் பிறகு திருத்தி ஓடவிட்டார்கள். பாதையை இரண்டு மாதத்துக்குள் செப்பனிட்டுத் திறந்ததற்கு ரயில்வே தொழிலாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்தது ரயில். ஜூலை 9ஆம் திகதி காலி, மாத்தறைப் பக்கத்திலிருந்து மக்கள் ரயிலை ஓடச் செய்து கொழும்புக்கு வந்தார்கள். மரீன் டிரைவில் நின்று பார்த்த எங்களுக்கு அதுவும் வரலாறுதான்.

இவ்வளவும் நடந்த பாதையோரத்தில் ஒரு பலகை வைப்பது பெரிய செலவான காரியம் இல்லை. 1983ஐயும் 1996ஐயும் எழுதினால் பழைய புண்ணைக் கிளறியதாகும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் திகதியையும் இறந்தவர் தொகையையும் நேராக, யாரையும் திட்டாமல் எழுதலாம். இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால்தான் புண்ணாகும்.

நிலையம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, முதல் கட்டடம் எப்படி இருந்தது, இதுவரை பொறுப்பாக இருந்த நிலைய அதிபர்கள் யார் என்பதெல்லாம் திணைக்களத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுக்க வேண்டிய விடயங்கள். கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு இது தெரிந்த வேலை. ஊழியர்களின் நினைவுகளைச் சேர்ப்பதற்குத் தமிழ்ச் சங்க நூலகம் முன்வந்தால் நன்றாக இருக்கும். ஓய்வுபெற்ற நிலைய அதிபர்கள், கார்ட்மார், அவர்களுடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச விட்டால் போதும். தாமதித்தால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். என் வயதில் உள்ளவர்களின் மரண அறிவித்தல்களை உங்கள் பத்திரிகையில்தான் தினமும் பார்க்கிறேன்.

என்னிடம் அப்பாவின் வெள்ளைத் தொப்பியும், கோட்டிலிருந்து கழற்றி அம்மா எடுத்து வைத்த பித்தளைப் பொத்தான்களும், 1950களின் நேரசூசி ஒன்றும், திகதி விழுந்த சில அட்டை டிக்கெட்டுகளும் இருக்கின்றன. நிலையத்தில் பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்று வைப்பதாக இருந்தால் நாளைக்கே கொண்டுவந்து கொடுப்பேன். பெட்டி உட்பக்கச் சுவரோடு இருக்க வேண்டும், கடற்பக்கம் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொது இடங்களில் வைக்கும் பலகைகளில் தமிழ் படும் பாடு வாசகர்களுக்குத் தெரியும். இதிலும் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது. தமிழ் வாசகத்தைப் பலகையில் ஏற்றுவதற்கு முன்பு ஒரு தமிழாசிரியரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். நிலையத்திலிருந்து தமிழ்ச் சங்கம் நடக்கிற தூரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.